முதலில் பெட்டியின் அளவைச் சொல்லுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயரோ டர்ன்டேபிளோ வரவழைக்க நினைப்பவர்கள் என் பட்டறைக்கு வந்ததும் மாடலைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள், "சவுண்டு எப்படி சார் இருக்கும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்றே விஷயம். எடை எத்தனை கிலோ? பெட்டி கட்டினால் நீளம், அகலம், உயரம் எவ்வளவு வரும்? பின்பலகையில் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் ஒலியைப் பற்றிப் பேச உட்காருவேன். சாமான் நம் வீட்டில் பாடுமா, வளைந்த தகடும் உடைந்த மூடியுமாக வந்து சேருமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

நான் ரிட்சி தெருவில் தொழில் கற்கச் சேர்ந்தது 1980களின் தொடக்கத்தில். அப்போது வெளிநாட்டு ஆடியோ சாமான் சென்னைக்கு வரவேண்டுமானால் யாராவது ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வரவேண்டும். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் சாமான் சுமந்து போய்வந்துகொண்டிருந்த, குருவிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் கொண்டுவந்தார்கள். துபாயிலும் குவைத்திலும் வேலை பார்த்தவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் ஏற்பட்ட பர்மா பஜாரில் பானசோனிக் டூ-இன்-ஒன்னும் சோனி வாக்மேனும் அடுக்கியிருக்கும். எல்லாமே ஒருவர் கையில் தூக்கக்கூடிய எடை. 20 கிலோ ஆம்ப்ளிஃபயரை யார் விமானத்தில் கொண்டுவருவார்கள்? பெரிய சான்சுய், பயனியர் செட்டுகள் எங்கள் மேஜைக்கு வந்தால் அவை கப்பலில் வேலை பார்த்தவர்கள் இறக்கியவையாகவோ, தூதரகத்தார் ஊர் மாறும்போது விற்றுவிட்டுப் போனவையாகவோ இருக்கும். அவற்றின் மூடியைக் கழற்றும்போது என் வாத்தியார் எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். உள்ளே வயர் கட்டியிருக்கும் ஒழுங்கைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

1991இன் தாராளமயத்துக்குப் பிறகு கம்பெனிகள் நேரடியாக வந்தன, ஷோரூம்கள் வந்தன. ஆனால் விலை இறங்கவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விநியோகஸ்தர், அவருக்கு ஒரு எல்லை, அந்த எல்லைக்குள் வேறு நாட்டு டீலர் விற்கக்கூடாது என்று ஒப்பந்தம். ஆடியோ தொழில் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்க டீலருக்கு நாம் கடிதம் எழுதினால், உங்கள் ஊரில் எங்கள் ஆள் இருக்கிறார், அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். அந்த ஊர் ஆளிடம் கேட்டால் விலை ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. பழைய சாமான் விற்பவர்களுக்கு ஒப்பந்தம் ஏதுமில்லை. ஆனால் இபேயில் நல்ல மராண்ட்ஸ் ரிசீவரைக் கண்டுபிடித்து உற்சாகமாகக் கீழே படித்துக்கொண்டு போனால், அமெரிக்காவுக்குள் மட்டுமே அனுப்புவேன் என்று முடித்திருப்பார்கள்.

இந்த இரண்டு சுவரையும் தாண்ட உதவியவைதான் பார்சல் ஃபார்வர்டிங் கம்பெனிகள். அவர்கள் அமெரிக்காவில் ஒரு முகவரி தருகிறார்கள். விற்பவர் அங்கே அனுப்புகிறார். கிடங்கில் வாங்கி, எடை போட்டு, படம் எடுத்து நமக்குக் காட்டி, பிறகு இந்தியாவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பல கம்பெனிகள் ஓரிகனிலும் டெலவேரிலும் கிடங்கு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது. முகவரியோடு ஒரு வாடிக்கையாளர் எண்ணும் தருவார்கள். விற்பவர் அந்த எண்ணை எழுத மறந்தால் பார்சல் கிடங்குக்குப் போய்ச் சேரும், ஆனால் யாருடையது என்று தெரியாமல் ஒரு மூலையில் கிடக்கும். அதனால் எண்ணைப் பெயரின் பக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்வேன். பெயரை யாரும் விட்டுவிட்டு எழுதுவதில்லை.

இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பலருக்குப் புரியாத ஒன்று உண்டு. கிடங்கில் இருப்பவருக்கு ஆடியோ தெரியாது. குழந்தைகள் சட்டை, காபி மிஷின், காரின் உதிரிபாகம், உங்கள் டர்ன்டேபிள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான், எல்லாமே பெட்டி. அது அவர் குற்றமில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்பு மட்டும்தான் அவருக்கும் நம் சாமானுக்கும் நடுவில் இருக்கிறது. விற்றவர், பொருள் உங்கள் அமெரிக்க முகவரிக்கு வந்ததோடு ஒதுங்கிக்கொள்வார். இபேயின் பணம் திரும்பத் தரும் உத்தரவாதம்கூட அந்த முகவரியிலிருந்து பொருள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு செல்லாது. ஆகவே கிடங்கில் எடுக்கும் படங்களுக்குக் கூடுதல் பணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அடிபட்டிருந்தால் அங்கேயே தெரியவேண்டும். அங்கிருந்து விற்றவருக்கே திருப்பி அனுப்பலாம். சென்னைக்கு வந்த பிறகு திருப்பி அனுப்புவது நடக்காத காரியம்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். கூரியர் கம்பெனிகள் இரண்டு எடை பார்க்கின்றன. ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 டர்ன்டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் வந்தது, இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். அதை 55, 45, 30 சென்டிமீட்டர் பெட்டியில் இறுக்கி வைத்தால் கணக்கு எடை 15 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வரும். நான் சொல்வது போல இரட்டைப் பெட்டி கட்டி, நான்கு பக்கமும் பஞ்சு வைத்து 60, 50, 40 என்று ஆனால் 24 கிலோ. பாதுகாப்பு கூடக்கூடக் கட்டணம் ஏறும். கட்டணத்தைக் குறைக்கக் குறைக்க உடையும் வாய்ப்பு ஏறும்.

கிடங்குகளில் ரீபேக்கிங் என்று ஒரு வசதி உண்டு. பெரிய பெட்டியைப் பிரித்து, சின்னதாகக் கட்டிக் கட்டணத்தைக் குறைத்துத் தருவார்கள். துணிக்கும் புத்தகத்துக்கும் அது நல்ல வசதி. ஆடியோவுக்குக் கேட்கவே கேட்காதீர்கள். சேலத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர், கம்பெனி அட்டைப்பெட்டியோடு, தெர்மோகோல் அச்சோடு கிடைத்த ஒரு கேசட் டெக்கை வாங்கினார். கட்டணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று ரீபேக்கிங்குக்கு டிக் போட்டுவிட்டார். அந்த அச்சையும் பெட்டியையும் தூக்கி எறிந்துவிட்டு, காற்றுப்பை உறையில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். முகப்புக் கண்ணாடி இரண்டாக இருந்தது, ஒரு விசை உள்ளே போய்விட்டது. டெக்கை நான் ஓடவைத்தேன். அந்த முகப்புக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை.

டர்ன்டேபிளுக்கு நான் எழுதிக் கொடுக்கும் குறிப்பைப் பல வருஷமாகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றவேண்டும். கையின் பின்னால் இருக்கும் எடையைக் கழற்றவேண்டும். ஊசி இருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றவேண்டும். கையை அதன் தாங்கியோடு சேர்த்து மென்மையான கட்டுக்கம்பியால் கட்டவேண்டும். மேல்மூடியை உடம்போடு வைக்கக்கூடாது, தனி அட்டைக்குள் போகவேண்டும். தட்டை அப்படியே விட்டு அனுப்பினால் வழியில் ஒவ்வொரு குலுக்கலிலும் அதன் பாரம் சுழல்தண்டின் மேல் இடிக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்வுகளைக் கழற்றி எண் போட்டுத் தனித்தனியாகச் சுற்றவேண்டும். பழைய சி.டி. பிளேயர்களில் லேசரைப் பூட்டும் பயண ஸ்க்ரூ இருக்கும், அதை இறுக்கச் சொல்லவேண்டும். இவற்றைக் கிடங்குக்குச் சொல்வதைவிட விற்பவருக்கே எழுதி, கட்டியதும் படம் அனுப்பச் சொல்வது நல்லது. விற்பவருக்குத் தன் சாமான் மேல் பாசம் இருக்கும். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். அப்படிக் கட்டப்பட்ட பெட்டியை யாரும் திறக்கவேண்டாம் என்று மட்டும் கிடங்குக்குச் சொன்னால் போதும்.

கடந்த 15 ஆண்டுகளில் அமெரிக்காவைவிட ஜப்பானிலிருந்துதான் அதிகம் வந்திருக்கிறது. 1980களில் அந்த நாட்டுக் கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு செய்த சாமான்கள் அவை. ஒரு ஸ்பீக்கருக்கு 59,800 யென் என்று எல்லோரும் ஒரே விலை வைத்து, அந்த விலைக்குள் யார் பெரிய காந்தம் தருவது, யார் கனமான மரப்பெட்டி தருவது என்று போட்டி போட்டார்கள். ஒற்றை ஸ்பீக்கர் 30 கிலோவை நெருங்கியது. அந்த வீடுகளின் அடுத்த தலைமுறைக்கு அவற்றை வைக்க இடமில்லை. 1993இல் நீகாத்தாவில் தொடங்கிய ஹார்ட் ஆஃப் போன்ற பழைய சாமான் கடைகளிலும் யாஹூ ஏலத்திலும் வந்து குவிகின்றன. விற்பவர்கள் ஜப்பானுக்குள்தான் அனுப்புவார்கள். அதனால் அங்கே ஃபார்வர்டிங் கம்பெனி நமக்காக ஏலமும் கேட்டு, பணமும் கட்டி, வாங்கி அனுப்புகிறது.

ஜப்பானிய விற்பனையாளர்களைப் பற்றி மனதாரச் சொல்கிறேன். கீறல் இருந்தால் கீறலைப் படம் எடுத்துப் போடுவார்கள். வலது பக்கம் சில சமயம் சத்தம் நின்றுபோகிறது என்றால் அதையும் எழுதுவார்கள். சிக்கல் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில்தான். அந்த ஒரு வரி எங்கோ காணாமல் போய்விடும், அல்லது அர்த்தம் தலைகீழாகிவிடும். அதனால் இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஜங்க் என்று வகைப்படுத்திய சாமான்களைக் கண்டு எல்லோரும் பயந்து ஓடவும் வேண்டாம், பாய்ந்து வாங்கவும் வேண்டாம். திருப்பித் தரமுடியாது, உத்தரவாதம் கிடையாது என்பது மட்டும் நிச்சயம். சோதிக்க வசதியில்லாமல் அப்படிப் போட்டிருக்கிறாரா, சோதித்து ஓடாததால் போட்டிருக்கிறாரா என்பதைப் படத்தில் பார்க்கவேண்டும். விளக்கு எரியும் படம் ஒன்றாவது இருக்கிறதா, ஸ்க்ரூக்களின் தலையில் பழைய திருப்புளித் தடம் இருக்கிறதா என்று நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். யாரோ முன்பே உள்ளே கைவைத்த சாமானை வாங்கச் சொல்லமாட்டேன்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் அதிக சாமான்கள் செத்திருக்கின்றன. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. நேரடியாகச் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சுமை ஏறும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதற்கு அடுத்த படி. கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 110 வோல்ட் தரும், அமெரிக்கச் சாமானுக்காகச் செய்தது. ஒரு டாக்டர் அதை வாங்கி தன் லக்ஸ்மேன் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் போட்டிருந்தார். இரவில் அவர் பகுதியில் லைன் 250 வோல்ட் வரை ஏறும். அப்போது அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிட்டத்தட்ட 120 கொடுக்கும். 100க்குச் செய்த சாமானுக்கு 120. வால்வுகளின் இழை அதிகமாக எரிந்தது, கண்டென்சர்கள் உப்பின. "டாக்டர், இதுக்கு பிரஷர் ஜாஸ்தி" என்று சொன்னதும் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மவுண்ட் ரோடு பக்கம் வைண்டிங் செய்யும் பாய் ஒருவரிடம் 230க்கு 100 என்று சொல்லி, தேவைக்கு இரண்டு மடங்கு கொள்ளளவில், இரண்டு சுற்றும் ஒன்றோடொன்று தொடாதபடி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கினோம். அது இன்றும் ஓடுகிறது. இப்போதெல்லாம் சாமானுக்கு ஏலம் கேட்கும் முன்பே பாயிடம் சொல்லிவிடுகிறேன்.

சில பழைய ஏற்றுமதி மாடல்களில் பின்பக்கம் வோல்ட் மாற்றும் திருகு இருக்கும். வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படை முகாம் கடைகளுக்காகச் செய்தவை பல அப்படி. அந்தத் திருகு இருக்கும் பயனியரும் சான்சுயும் கிடைத்தால் கொஞ்சம் அதிக விலை கொடுத்தாலும் தகும்.

வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிவிடும், மின்சாரத்தின் சைக்கிளை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றாது. ஜப்பானில் இதிலும் ஒரு விசேஷம். 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களை வாங்கியது. அன்றிலிருந்து கிழக்கே 50 சைக்கிள், மேற்கே 60 சைக்கிள். நம் ஊர் 50. பழைய பெல்ட் டர்ன்டேபிள்களில் ஏ.சி. மோட்டாரின் வேகம் லைன் சைக்கிளைப் பின்பற்றும். ஒசாகா பக்கத்தில் ஓடியது என்றால் அதில் 60க்கான புல்லி இருக்கும். இங்கே ஓட்டினால் நிமிடத்துக்கு 33 சுற்றுக்குப் பதில் 28கூட வராது. மாம்பலத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனபோது அப்படித்தான் இளையராஜா எல்.பி. ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஒன்றரைக் கட்டை இறங்கி, பாடகி பாடகர் போலக் கேட்டார். ஊசி பழசு என்று அவர் நினைத்திருந்தார். புல்லியை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தப் புல்லி கிடைக்கத்தான் மாதக்கணக்கானது. டெக்னிக்ஸ் 1200 மாதிரி குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை நான் அதிகம் சிபாரிசு செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டியூனரைப் பற்றி ஒரு வரி. ஜப்பானிய எஃப்.எம். பட்டை பழைய செட்டுகளில் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ். சென்னை நிலையங்கள் 93.5, 98.3, 101.4 என்று மேலே இருக்கின்றன. அழகான ஊசிமுகப்பு வைத்த டியூனர் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள் வீட்டில் அது விளக்காக எரிந்துகொண்டிருக்கிறது.

கனம் ஒரு எல்லையைத் தாண்டினால் வழியே மாறிவிடும். ஜப்பான் அஞ்சலின் இ.எம்.எஸ். சேவையில் பெரிய வசதி, பெட்டியின் அளவை வைத்து எடை போடாமல் தராசு எடைக்கே கட்டணம் வாங்குவது. டர்ன்டேபிளுக்கும் நடுத்தர ஆம்ப்ளிஃபயருக்கும் அதைவிட நல்ல வழியில்லை. ஆனால் 30 கிலோதான் உச்சம். யமஹா என்.எஸ். 1000 எம் ஸ்பீக்கர் ஒன்று 31 கிலோ. பெரிலியம் தகட்டில் செய்த டோம் உள்ள புகழ்பெற்ற ஸ்பீக்கர் அது. திருச்சியில் ஒருவர் பிடிவாதமாக அதைத்தான் கேட்டார். கூரியரில் அனுப்பினால் ஒவ்வொன்றும் நல்ல பெட்டியில் 90, 60, 50 என்று வரும், அதாவது கணக்கு எடை 54 கிலோ. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்ட கட்டணம் ஸ்பீக்கரின் விலையைத் தாண்டியது. கப்பலில் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம் என்றால், கப்பல் கட்டணம் சின்னதுதான், இங்கே துறைமுகத்தில் சரக்கு நிலையம், ஏஜென்ட், ஆவணம் என்று குறைந்தபட்சக் கட்டணங்கள் வரிசையாக வரும். நாலைந்து பெட்டிக்கு அது தாங்கும், ஒரு ஜோடிக்குத் தாங்காது. போதாததற்கு மரச்சட்டத்தில் அடித்து அனுப்புகிறோம் என்றார்கள். அந்த மரம் சூடேற்றிப் பூச்சி நீக்கி, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியதாக இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. முத்திரை இல்லாத மரம் இங்கே இறங்கினால் அது தனிப் போராட்டம். எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். "விடுங்க சார், மனசு ஆறலை, ஆனா கணக்கு புரியுது" என்றார். அவருக்கு ஏற்றாற்போல பெங்களூரில் ஒரு நல்ல ஜோடியைத் தேடிப் பிடித்தோம்.

ஸ்பீக்கருக்கு இன்னொரு தடையும் உண்டு. காந்தம். விமானத்தில் காந்தப் பொருளுக்கு விதி இருக்கிறது. பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தூரத்தில் அளந்தால் 0.002 காஸுக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் ஆபத்தான சரக்கின் விதிமுறைகளுக்குள் வந்துவிடும். பெரிய காந்தம் உள்ள ஸ்பீக்கர் கோன்களைத் தனியாக வாங்கும்போது கிடங்கிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு கோன்களைக் காந்தப் பக்கம் எதிரெதிராக வைத்துக் கட்டி, வெளியே இரும்புத் தகடு வைத்தால் அளவு இறங்குவதுண்டு. அதை முன்கூட்டியே பேசிவைக்கவேண்டும். பேட்டரி உள்ள சின்ன பிளேயர்களுக்கும் இதே கதை. லித்தியம் என்றாலே தனிப் படிவம், தனி வழி.

சுங்கம். இதில் பயப்படுபவர்களும் உண்டு, ஏமாற்றலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில்: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொருளின் விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்குத்தான் வரி. முதலில் அடிப்படை வரி, அந்த வரியில் 10 சதவீதம் சமூக நல மேல்வரி, பிறகு எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அன்றைக்கு உள்ளதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சுங்க வரிப் பட்டியலில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஹெட்போனும் 8518 தலைப்பில் வரும், டர்ன்டேபிள் 8519இல், ரேடியோ சேர்ந்த ரிசீவர் 8527இல். சொந்த உபயோகத்துக்கு என்று வருவதற்கு 9804. விலைச்சீட்டில் வெறுமே 'ஆடியோ சாதனம்' என்று எழுதினால் அதிகாரிக்கும் குழப்பம், நமக்கும் தாமதம். பெயர், மாடல் எண், பழையது என்பது, கொடுத்த விலை எல்லாம் தெளிவாக இருக்கவேண்டும்.

கனமான சாமான் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விதி 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் இருக்கிறது. விமானக் கட்டணம் எவ்வளவு ஆனாலும், வரிக்காகக் கூட்டும்போது பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. 30,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்கு 18,000 ரூபாய் விமானக் கட்டணம் ஆனால், வரிக்கணக்கில் 6,000தான் சேரவேண்டும். கூரியர் ஏஜென்ட் அவசரத்தில் முழுத் தொகையையும் போட்டுவிட்டால், வரி கட்டும் முன்பே விதியைச் சொல்லித் திருத்தக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டவர்களுக்குத் திருத்திக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் எனக்குச் சொல்லாமல் மராண்ட்ஸ் ரிசீவருக்கு 50 டாலர் என்று எழுதச் செய்துவிட்டார். மீனம்பாக்கத்தில் அதிகாரி மாடல் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார், விலை தெரிந்துவிட்டது. உண்மையான பணம் கட்டிய சான்று கேட்டார்கள். அதற்குள் கிடங்கு வாடகை ஏறியது. முடிவில் வரி, அபராதம், வாடகை எல்லாம் சேர்ந்து அவர் மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போலப் பல மடங்கு. வழியில் உடைந்திருந்தால் காப்பீடும் 50 டாலர்தான் தந்திருக்கும். பரிசு என்று எழுதி வாங்கும் பழக்கமும் இப்போது செல்லாது. 2019 டிசம்பரில் அஞ்சலிலும் கூரியரிலும் பரிசு என்று சொல்லி விடுவிப்பதை நிறுத்திவிட்டார்கள், ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு.

"நீங்களே மொத்தமா இறக்கி விக்கலாமே சார்" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பழைய சாமானை விற்பனைக்காக இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் (டி.ஜி.எஃப்.டி.) அனுமதி வேண்டும். 2012இல் வந்த மின்னணுப் பொருள் கட்டாயப் பதிவு ஆணையில் ஒரு குறிப்பிட்ட வாட்டுக்கு மேற்பட்ட ஆம்ப்ளிஃபயர்களும் மியூசிக் சிஸ்டங்களும் இடம்பெற்றன. புளூடூத், வைஃபை உள்ள புதிய சாமானுக்கு அலைவரிசைச் சான்றும் கேட்பார்கள். இவற்றையெல்லாம் யோசித்துத்தான் நான் வியாபாரத்தில் இறங்கவில்லை. வாங்குபவர் தன் பெயரில், தன் அடையாளச் சான்றோடு, தன் வீட்டுக்கு ஒன்று வாங்குகிறார். நான் தேர்ந்தெடுக்க உதவுகிறேன், வந்ததும் சரிபார்த்துக் கொடுக்கிறேன், அதற்குக் கூலி வாங்குகிறேன். என் தொழில் மூடியைக் கழற்றிப் பார்ப்பது. அதிலேயே எனக்கு நிறைவு.

பெட்டி வந்ததும் அவசரப்பட்டுக் கிழிக்கவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுவேன். வெளிப்பக்கம் ஆறு பக்கமும் படம், பிறகு திறப்பதை நிறுத்தாமல் வீடியோ. உடைந்திருந்தால் கூரியரிடம் முறையிடக் காலக்கெடு சில நாள்தான், அட்டையையும் பஞ்சையும் எறிந்துவிட்டால் கேட்கவே முடியாது. பிறகு ஒரு நாள் அப்படியே வைத்துவிடச் சொல்வேன். ஜப்பான் குளிரிலிருந்து நம் ஊர் ஈரக்காற்றுக்கு வந்த சாமானுக்குள் வியர்த்திருக்கும். மறுநாள் மூடியைத் திறந்து தூசி தட்டி, சீரீஸ் பல்பு போட்டு, வேரியாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை ஏற்றுவேன். பல்பு பிரகாசமாக எரிந்து அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். மெல்ல மங்கினால் உயிர் இருக்கிறது. உள்ளே டிரான்சிஸ்டர் போயிருந்தால் அதற்கு மாற்றைச் சந்தையில் வாங்கும்போது கவனம். சான்கென் பெயர் அச்சடித்த போலிகள் ஏராளம். அசல் உதிரிபாகம் விற்கும் பெரிய கம்பெனிகள் இப்போது இந்தியாவுக்கு நேரடியாகவே அனுப்புகின்றன. அதற்கு ஃபார்வர்டிங் தேவையே இல்லை.

2020இல் விமானங்கள் நின்றபோது கட்டணம் ஏறியது. அதற்குப் பிறகு கனமான சாமான் கேட்டு வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கொல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் என்று நம் நாட்டிலேயே செய்த பழைய செட்டுகளை இளைஞர்கள் தேடி எடுத்துவருகிறார்கள். 230 வோல்ட்டுக்கே பிறந்தவை, வரியும் இல்லை, உள்ளே இடம் தாராளம். அவற்றை நான் மிகுந்த விருப்பத்தோடு பழுதுபார்க்கிறேன். கடல் தாண்டி வரவேண்டியது சின்னச் சாமான்கள்தான். 2018இல் ஷூர் கம்பெனி கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திய பிறகு, அதன் ஊசிக்கு மாற்று தேடி ஜப்பானின் ஜிகோவைத்தான் பலர் நாடுகிறார்கள்.

இப்போது என் மேஜையில் ஒரு டெனான் டி.எல். 103 இருக்கிறது. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வுக்காக 1960களில் உருவாக்கி இன்றுவரை செய்துகொண்டிருக்கிற கார்ட்ரிட்ஜ். எடை 8.5 கிராம். வோல்ட் இல்லை, சைக்கிள் இல்லை, கையளவு பெட்டி. ஹெட்ஷெல்லில் பொருத்தி 2.5 கிராம் பாரம் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். வரி கட்டிய ரசீதையும் ஏலச் சீட்டையும் அதன் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு உரியவர் இதை விற்க நினைத்தால், வாங்க வருபவர் அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்.